கறுப்பு பிலிம்: சட்டம் ஒரு பக்கம், தீர்ப்பு ஒரு பக்கம், நடுவில் டிரைவர்

கார் கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டலாமா, கூடாதா? கேட்பதற்கு மிகச் சாதாரணமான கேள்வி. ஆனால் நேரான பதில் சொல்ல ஆள் இல்லை. 2012-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு "கூடவே கூடாது" என்றது. 2024-ம் ஆண்டில் கேரள ஐகோர்ட்டு "அளவோடு ஒட்டினால் குற்றம் இல்லை" என்றது. காரின் சொந்தக்காரர் இரண்டில் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார். நடுரோட்டில் விசில் ஊதினால் வண்டியை ஓரம் கட்டி, இறங்கிப் போய் பதில் சொல்ல வேண்டியவர் டிரைவர்.

மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூருவிலும் கார் ஓட்டிப் பிழைக்கும் நம்மவர்கள் உண்டு. உதிரி சாமான் கடைகளில் பிலிம் ஒட்டும் வேலை பார்ப்பவர்களும் உண்டு. இரு சாராருக்கும் இது வயிற்றுப் பிரச்சினை. ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்க வேண்டும்.

70-ம் 50-ம்

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி கண்ணாடியைப் பற்றியது. முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் வெளிச்சத்தில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ளே விட வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விதி இவ்வளவுதான். இதில் கறுப்பு என்றோ பச்சை என்றோ பேச்சு இல்லை. வெளிச்சத்தின் அளவு மட்டுமே கணக்கு.

இந்தக் கணக்கை வைத்துத்தான் கடைகளில் விளையாட்டு நடக்கிறது. "இது 50 பிலிம் சார், சட்டப்படி சரி" என்று சொல்லி ஒட்டி விடுகிறார்கள். பிலிம் மட்டும் தனியாகக் காற்றில் தொங்கினால் சரிதான். அது கண்ணாடி மேல் அல்லவா ஒட்டப்படுகிறது? கம்பெனியில் இருந்து வரும் கண்ணாடியே லேசான பச்சைச் சாயத்துடன் வருவது வழக்கம். அது 75 சதவீத வெளிச்சத்தை விடுவதாக வைத்துக்கொள்வோம். அதன் மேல் 50 பிலிம் ஒட்டினால், அந்த 75-ல் பாதிதான் உள்ளே வரும். அதாவது 37½ சதவீதம். பக்கவாட்டுக் கண்ணாடிக்கே இது தேறாது. பின் கண்ணாடிக்குக் கேட்கவே வேண்டாம்.

2012 தடை

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் குற்றங்கள் நடக்கின்றன என்று தொடரப்பட்ட பொதுநல வழக்கில், தலைமை நீதிபதி எஸ்.எச்.கபாடியா, நீதிபதிகள் ஏ.கே.பட்நாயக், சுவதந்தர் குமார் ஆகியோர் கொண்ட பெஞ்சு 2012 ஏப்ரல் 27-ந் தேதி தீர்ப்பு அளித்தது. எத்தனை சதவீத பிலிமாக இருந்தாலும் சரி, கார் கண்ணாடியில் ஒட்டக் கூடாது என்பது உத்தரவு. சாயம் கலந்து கம்பெனியே தயாரித்த கண்ணாடி, 70-50 அளவுக்குள் இருந்தால் ஆட்சேபணை இல்லை. அதன் மேல் வேறு எதையும் ஒட்டுவதுதான் தவறு. மே 4-ந் தேதி முதல் நாடு முழுவதும் இது அமலுக்கு வந்தது. 'இசட்', 'இசட் பிளஸ்' பாதுகாப்பு பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு. (அந்தப் பட்டியலில் இல்லாத எத்தனையோ பெரிய மனிதர்களின் கார்கள் இன்றும் கன்னங்கரேல் என்று பறப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். அது வேறு கதை.)

அதே ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி இரவு டெல்லியில் ஓடும் பஸ்சில் நடந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. அந்தப் பஸ்சின் ஜன்னல்களில் கறுப்பு பிலிமும் திரைச் சீலையும் இருந்தன. உத்தரவு வந்து ஏழு மாதங்கள் ஆகியும், தலைநகரத்துத் தெருக்களில் அப்படி ஒரு பஸ் ஓட முடிந்தது. கோர்ட்டு சொல்வது ஒன்று, தெருவில் நடப்பது வேறொன்று.

கேரள ஐகோர்ட்டு சொன்னது

2020-ம் ஆண்டில் 100-வது விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. முன்பு 'பாதுகாப்புக் கண்ணாடி' என்று மட்டும் இருந்த இடத்தில், உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடியும் இடம் பெற்றது. 70-50 அளவு மட்டும் மாறவில்லை. இதை வைத்துத்தான் கேரள ஐகோர்ட்டில் வழக்கு நடந்தது. 2024 செப்டம்பரில் நீதிபதி என்.நகரேஷ் தீர்ப்பு கூறினார். பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடியைப் பயன்படுத்தும் உரிமை கார் கம்பெனிக்கு மட்டும் சொந்தம் அல்ல, காரின் சொந்தக்காரருக்கும் உண்டு. அளவுக்குள் இருக்கும் வரை அபராதம் விதிப்பது சரியல்ல என்பது தீர்ப்பின் சாரம். 2012 தீர்ப்பு பழைய விதியை ஒட்டி வந்தது என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது.

வாதம் நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஒரு ஐகோர்ட்டின் தீர்ப்பு மற்ற மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. மராட்டியத்திலோ டெல்லியிலோ கர்நாடகத்திலோ போலீசார் மறித்தால், கேரளத் தீர்ப்பை எடுத்து நீட்டி வாதாடலாம். அவர் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "சுப்ரீம் கோர்ட்டு தடை இருக்கிறது" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லா பிலிமும் தவறு என்றால் போலீசாருக்கு வேலை சுலபம். நகத்தால் சுரண்டிப் பார்த்தால் போதும். 50 சதவீதம் வரை சரி என்றால் அளந்தாக வேண்டும். அதற்கு வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேண்டும். மீட்டர் இல்லாமல் கண்ணால் மதிப்பிட்டு அபராதம் போடுவதும், கண்ணால் மதிப்பிட்டு விட்டுவிடுவதும் ஒன்றுதான். இரண்டுக்கும் கணக்கு கிடையாது.

மோட்டார் வாகன சட்டம் 177-வது பிரிவின்படி முதல் தடவைக்கு ரூ.100 வரை இருந்த அபராதம், 2019 செப்டம்பர் 1 முதல் ரூ.500 வரை ஆயிற்று. அடுத்த தடவை ரூ.1,500 வரை. முதலாளிக்கு இது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் டிரைவருக்கு அது ஒரு நாள் கூலி. பிலிம் ஒட்டியது யார் முடிவோ, அவரே கட்ட வேண்டும் என்று வேலைக்குச் சேரும்போதே பேசி விடுவது நல்லது.

பின் கண்ணாடிக் கோடுகள்

சட்டம் ஒருபுறம் இருக்க, பிலிமால் வரும் இன்னொரு சேதத்தை யாரும் பேசுவதில்லை. பல கார்களின் பின் கண்ணாடியில் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள் வரிவரியாக ஓடும். அழகுக்காகப் போட்டவை அல்ல அவை. வெள்ளி கலந்த பசையால் கண்ணாடியின் உட்புறத்தில் அச்சிடப்பட்ட மின்சாரப் பாதைகள். சுவிட்சைப் போட்டால் 12 வோல்ட் பாய்ந்து கண்ணாடி சூடாகும். படிந்த பனி மூட்டம் விலகும். டெல்லியின் டிசம்பர்-ஜனவரிப் பனியிலும் மும்பையின் ஆடி மழையிலும் இதன் அருமை தெரியும்.

பிலிம் ஒட்டுவதும் அதே உட்புறத்தில்தான். நல்ல பிலிம் மேலே இருந்தாலும் கோடுகள் சூடாகும். அதில் பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் எல்லாம் உரிக்கும்போதுதான். வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்து கோந்து இறுகிப்போன பிலிமை, அபராதத்துக்குப் பயந்து ரோட்டோரத்தில் பிளேடு போட்டுச் சுரண்டுகிறார்கள். பிலிமோடு கோடும் பெயர்ந்து வருகிறது. ஒரு கோட்டில் முடி அளவு வெட்டு விழுந்தாலும் அந்தக் கோடு முழுவதும் செத்துவிடும். மற்றக் கோடுகள் வேலை செய்யும். நடுவில் ஒரு பட்டை மட்டும் மூட்டம் விலகாமல் நிற்கும். ஓரத்தில் ஒயர் சேரும் தகடு பெயர்ந்தால் எல்லாமே போயிற்று.

நனைத்து, நீராவியோ சூடோ காட்டி, கோந்து இளகிய பிறகு ஒரு மூலையில் தொடங்கி, கோடுகள் ஓடும் திசையிலேயே மெள்ள உரிக்க வேண்டும். மிச்சக் கோந்தை சோப்புத் தண்ணீரும் துணியும் கொண்டு எடுக்கலாம். அரை நாள் வேலை. பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் பின் கண்ணாடியைக் கொடுக்கக் கூடாது. அறுந்த இடத்தை வோல்ட் மீட்டர் வைத்துக் கண்டுபிடித்து, மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பெயிண்ட் தொட்டு வைத்து ஒட்டவைக்க முடியும். வெட்டுகள் பல இடங்களில் என்றால் கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான். அந்தச் செலவுக்கு முன்னால் ரூ.500 அபராதம் ஒன்றுமே இல்லை.

"வெயிலுக்காகத்தானே ஒட்டுகிறோம்" என்பார்கள். சூரியனில் இருந்து வரும் சூட்டில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத கதிர்களில் இருக்கிறது. வெறும் சாயம் பூசிய மலிவு பிலிம் வெளிச்சத்தை மறைக்குமே தவிர அந்தச் சூட்டை அதிகம் தடுக்காது. சில வருடங்களில் ஊதா நிறமாக வெளுத்து, கொப்புளம் விட்டு, இரவில் பின்னால் வரும் வண்டியின் விளக்கை இரண்டாகக் காட்டும். சூட்டுக் கதிரைத் தடுக்கும் தெளிவான பிலிம்களும் கிடைக்கின்றன, விலை அதிகம். அவையும் பிலிம்தான் என்பதால் 2012 தடைக்குள் வருகின்றன. கேரளத்தில் மட்டும், கண்ணாடியும் பிலிமும் சேர்ந்து அளவுக்குள் இருந்தால், அந்த ஐகோர்ட்டுத் தீர்ப்பு துணை நிற்கும். மற்ற மாநிலங்களில் ஓட்டுகிறவர்களுக்கு அந்தத் துணை இன்னும் எட்டவில்லை.