கதவைச் சாத்திய பிறகு

சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைப் பேச எடுத்துக்கொண்டோம். 1879இல் கோபன்ஹேகனில் முதன்முதலாக மேடையேறிய நாடகம். கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறும் நோரா கதவைச் சாத்தும் ஓசையோடு அது முடிகிறது. அந்த ஓசையின் வரலாற்று முக்கியத்துவத்தை நண்பர்கள் மாறி மாறி விளக்கினார்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகு, அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஓர் அம்மையார், "அன்னிக்கு ராத்திரி அவ எங்க படுத்தா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நாடகத்தை மறுபடியும் புரட்டினேன். விடை அதிலேயே இருக்கிறது. அன்றிரவு தன் தோழி கிறிஸ்டீனின் இருப்பிடத்தில் தங்குவதாக நோரா சொல்கிறாள். மறுநாள் சொந்த ஊருக்குப் போவதாகச் சொல்கிறாள். கணவன் தர முன்வரும் பணத்தை மறுக்கிறாள். இந்த விவரங்கள் எதுவும் எனக்கு நினைவில் இருக்கவில்லை. கதவு மட்டுமே நினைவில் இருந்தது. இலக்கிய வாசகர்களாகிய நம்மில் பலருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

சீன எழுத்தாளர் லூ சுன் இதே கேள்வியை 1923 டிசம்பரில், பெய்ஜிங்கில் ஒரு பெண்கள் கல்லூரியில் உரையாகவே நிகழ்த்தினார். வெளியேறிய நோராவுக்கு என்ன ஆகும்? சீரழிவாள், அல்லது திரும்பி வருவாள் என்பது அவர் கண்ட விடை. விழித்துக்கொண்ட மனத்தோடு அவள் பணப்பையில் காசும் இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். புரட்சி எழுத்தாளர் என்று கொண்டாடப்பட்டவர், மாணவிகளின் முன்னால் நின்று பணத்தைப் பற்றிப் பேசினார். நூறாண்டுகள் கழிந்தும் அதைப் பேச நாம் கூசுகிறோம்.

நோராவின் கணவன் கை நீட்டுகிறவன் அல்லன். நம் தெருக்களில் அடியும் வசவும் தாங்கும் பெண்களைப் பற்றிப் பேச்சு வரும்போது, "இவ்வளவு நடந்தும் ஏன் அங்கேயே இருக்கிறாள்?" என்று எத்தனை எளிதாகக் கேட்டுவிடுகிறோம்! நானும் கேட்டிருக்கிறேன். கேட்டது என் கல்லூரித் தோழனின் அக்காவைப் பற்றி. பதில் தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

அக்கா பதினோரு ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தார். அவற்றில் கடைசி இரண்டு ஆண்டுகள் அவர் வெளியேறிக்கொண்டிருந்தார் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தையலில் வந்த காசில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரில் சீட்டுக் கட்டினார். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தன் மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அதே பெண்ணின் வீட்டு அரிசி டிரம்முக்குள் சேர்த்துவைத்தார். சீட்டை எடுத்தபோது கையில் வந்தது ஐம்பதாயிரம். பார்த்த வீட்டுக்கு வாடகை ஆறாயிரம், பத்து மாத முன்பணம் அறுபதாயிரம். ஒரு பெண்ணின் விடுதலைக்கும் அடிமைத்தனத்துக்கும் நடுவே அப்போது நின்றது பத்தாயிரம் ரூபாய். அதை எந்தக் காவியத்தில் எழுதுவது?

பணம் புரண்ட பிறகும் வீடு கிடைத்துவிடவில்லை. ஏழு வீடுகள் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" உண்மையைச் சொன்ன ஆறு இடங்களிலும் வீடு இல்லை என்றார்கள். ஏழாவது இடத்தில், "துபாய்ல இருக்கார்" என்று சொன்னார். சாவி கிடைத்தது.

தமிழில் கணவனும் வீட்டுக்காரர், வீட்டின் உரிமையாளரும் வீட்டுக்காரர். ஒருவரிடமிருந்து விலகி வரும் பெண் இன்னொருவரிடம் போய் நிற்கையில், முந்தையவரின் பெயரைச் சொல்லியே உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. மனைவிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் இல்லாள். இல்லத்தை ஆள்பவள் என்று மேடைகளில் பொருள் சொல்வார்கள். எதுவும் இல்லாதவள் என்றும் அந்தச் சொல்லைப் படிக்கலாம். பெண்ணுக்குப் பிறந்த வீடு உண்டு, புகுந்த வீடு உண்டு. 'என் வீடு' என்று சொல்ல ஒரு வீடு இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அடிப்பது மட்டுமல்ல, செலவுக்குப் பணம் தராமல் ஒடுக்குவதும் அவள் நகையை விற்றுத் தீர்ப்பதும்கூட வன்முறைதான் என்று அது சொல்கிறது. பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்கிறது அதன் 17ஆவது பிரிவு. தேவையானால் கணவனை வெளியேறச் சொல்லவும், அவளுக்கு அதே தரத்தில் வேறு வீடு பார்த்து வாடகை கட்டச் சொல்லவும் 19ஆவது பிரிவின்கீழ் நீதிபதி ஆணையிடலாம். "ஏன் அவள் வெளியேறவில்லை?" என்று ஊர் கேட்கிறது. "ஏன் அவன் வெளியேறவில்லை?" என்று சட்டம் கேட்கத் தொடங்கியது. இது சிறிய மாற்றம் அல்ல.

ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், 2006 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் பத்ரா வழக்கில் அந்த உரிமையைச் சுருக்கியது. வீடு மாமியாரின் சொந்தச் சொத்து என்றால் மருமகள் அதில் உரிமை கோர முடியாது என்றது. நம் நாட்டில் எத்தனை இளம் மனைவியர் கணவன் பெயரில் உள்ள வீட்டில் வாழ்கிறார்கள்? மாமனார் பெயரிலோ மாமியார் பெயரிலோ உள்ள வீடுகள்தானே அதிகம்! 2020 அக்டோபரில், சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு தவறானது என்று அறிவித்தது. இடையில் ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் போய்விட்டன. அந்த ஆண்டுகளில் வாசற்படிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அவற்றை யார் திருப்பித் தருவது?

ஜீவனாம்சமும் அப்படித்தான். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கின் தீர்ப்பு, இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. மனு கொடுத்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும், இடைக்கால ஜீவனாம்சத்தை நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் முடிவு செய்ய முயல வேண்டும் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் வாடகை ஐந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டியது. சட்டத்தின் காலண்டரும் வயிற்றின் காலண்டரும் வேறு வேறு.

பிறந்த வீட்டுக்குப் போகலாமே என்பார்கள். தமிழகத்தில் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், அப்போது மணமாகாதிருந்த இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கிடைத்தது. 2005இல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. மணமான மகள் தந்தையின் வீட்டில் தங்க உரிமை கோருவதற்கு இருந்த தடையும் அப்போது நீங்கியது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அக்காவை அழைத்து, பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கேட்டால் உறவு முறிந்துவிடும் என்பதால் கையெழுத்துப் போட்டவள், பத்தாண்டு கழித்துப் பெட்டியோடு வந்து நிற்கையில் அந்த வீட்டில் விருந்தாளி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. அதன் பிறகு அவள் பெயர் வாழாவெட்டி.

நகை இருக்கிறதே என்றால், அது பெரும்பாலும் அடகுக் கடையில் இருக்கிறது. சீட்டு அவன் சட்டைப் பையில் இருக்கிறது. சீதனம் முழுக்க முழுக்கப் பெண்ணின் சொத்து, கணவன் வெறும் பொறுப்பாளன்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் மனைவியின் நகையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவன் கோவலன்தான். மாதவியிடம் எல்லாம் தொலைத்துவிட்டு வந்தவனிடம் மிச்சமிருந்த சிலம்பைக் கண்ணகி எடுத்து நீட்டியதை நாம் கற்பின் பெருமையாகவே படித்துவந்திருக்கிறோம். அவள் கையில் இருந்த கடைசி ஆதாரம் அது என்று ஒருமுறையாவது படித்துப் பார்க்கலாம்.

வேலைக்குப் போகும் பெண்களும் அடி வாங்கிக்கொண்டு இருக்கிறார்களே, ஆகவே பணம் மட்டும் காரணம் இல்லை என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். மட்டும் இல்லைதான். பயம் உண்டு, பிள்ளைகள் உண்டு, விட்டுப்போகாத அன்பும் சில சமயம் உண்டு. ஆனால் சம்பளம் வாங்குவதும் சம்பளத்தைக் கையாள்வதும் ஒன்றல்ல. ஏ.டி.எம். அட்டை அவன் கையில். வீட்டுக் கடன் இருவர் பெயரில், தவணை அவள் சம்பளத்தில், பத்திரம் அவன் பெயரில். பிரிந்து போனாலும் தவணை அவளைத் துரத்தும்.

என் கருத்து இதுதான். இந்தப் பெண்களுக்கு வீரம் போதவில்லை என்று நாம் நினைப்பது தவறு. போதாமல் இருப்பது முன்பணம். தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அது மட்டும் மதிக்கப்பட்டிருந்தால் அக்காவுக்குத் தேவைப்பட்டது பதினெட்டாயிரம்தான். ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே அவர் வெளியே வந்திருப்பார். அந்த ஓராண்டில் வாங்கிய அடிகளுக்கு, பத்து மாத முன்பணம் கேட்பதை ஊர் வழக்கம் என்று ஏற்றுக்கொண்ட நாம் அனைவரும் பொறுப்பு. 181 என்ற உதவி எண் இருக்கிறது. ஒருங்கிணைந்த சேவை மையங்களில் ஐந்து நாள் வரை தங்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். இவை வேண்டும். ஆனால் ஆறாம் நாள் என்பது அரசாங்கத்தால் மட்டும் நிரம்புவதில்லை.

அக்காவுக்குக் குறைந்த பத்தாயிரத்தைக் கொடுத்தவர் அந்த அரிசி டிரம் வீட்டுப் பெண். திருப்பித் தர வேண்டிய தேதி எதுவும் சொல்லவில்லையாம். அவர் இப்சனைப் படித்தவர் அல்லர். நாங்கள் இரண்டு மணி நேரம் நோராவைப் பற்றிப் பேசினோம், அவளைத் தங்கவைத்த கிறிஸ்டீனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நம்மிடம் வாடகைக்கு விட வீடு இருக்கலாம், ஓர் இரவுக்குக் கொடுக்க ஓர் அறை இருக்கலாம், கேள்வி கேட்காமல் ஒரு காகிதப் பையை வைத்துக்கொள்ள அலமாரியில் இடம் இருக்கலாம். அடுத்த முறை "ஏன் அவள் அங்கேயே இருக்கிறாள்?" என்று கேட்க வாயெடுக்கும்போது, வந்தால் எங்கே படுப்பாள் என்பதற்கு நம்மிடம் பதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம்.