இரண்டாம் நிலை லீக் நிலைக்குமா?

பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் காற்பந்துக்கு அந்நாட்டில் இரசிகர்கள் ஏராளம். அதன் முதன்மைப் போட்டியான தேசியக் காற்பந்து லீக்கில் 32 குழுக்கள் உள்ளன. அவற்றில் இடம் கிடைக்காத விளையாட்டாளர்களுக்கு வாய்ப்பளிக்கும் இரண்டாம் நிலைத் தொழில்முறை லீக்குகள் பலமுறை தோன்றின. ஆனால், பெரும்பாலானவை நீடிக்கவில்லை.

1983இல் வசந்தகாலப் போட்டியாகத் தொடங்கிய யுஎஸ்எஃப்எல், நட்சத்திர விளையாட்டாளர்களுக்குப் பணத்தை வாரி இறைத்தது. பின்னர், தேசிய லீக் நடைபெறும் இலையுதிர்காலத்திற்கே மாறத் திட்டமிட்டது. மூன்று பருவங்களோடு அதன் ஆட்டம் முடிந்தது. 2019இல் தொடங்கிய மற்றொரு லீக், பண நெருக்கடியால் முதல் பருவத்தைக்கூட நிறைவுசெய்யவில்லை.

பல்கலைக்கழகக் குழுக்களும் இவற்றுக்குப் பெரும் சவால். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அமரலாம். தேசிய லீக்கும் புதியவர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்தே தேர்ந்தெடுக்கிறது.

அப்படியானால், சிறிய லீக்குகள் தேவையற்றவையா? இல்லை. தேசிய லீக் குழு ஒன்று கைவிட்டபின், கர்ட் வார்னர் மளிகைக் கடையில் பொருள்களை அடுக்கினார். சிறிய லீக்குகளில் ஆடித் தேறிய அவரே, 2000ஆம் ஆண்டு ஜனவரியில் செயின்ட் லூயிஸ் குழுவைச் சூப்பர் பவுல் வெற்றியாளராக்கினார்.

2024இல் இரண்டு லீக்குகள் இணைந்து, எட்டுக் குழுக்களுடன் யுஎஃப்எல் எனும் வசந்தகால லீக்கைத் தொடங்கின. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பதை உணர்ந்து, பெரிய லீக்கோடு மோதாமல், செலவைக் கட்டுப்படுத்தினால் இத்தகைய முயற்சி நிலைக்கும். வார்னரைப் போன்றவர்களுக்கு மறுவாய்ப்பு அளிப்பதே அதன் உண்மையான வெற்றியாகும்.