ஆர்ப்பாட்டக்காரரை மட்டும் பிடிக்கும் கிருமி

உக்குவளையில் யார் மேடை போட்டாலும், கொரோனாப் பேச்சு ஒரே வசனத்தில்தான் வந்து முடிகிறது: "ஊரடங்கை மதிக்காமல் வீதிக்கு இறங்கியவர்களால்தான் நோய் பரவியது." அண்மையில் ஒரு பரிசளிப்பு விழாவில் பிரதம அதிதியும் அதையே சொல்ல, பிள்ளைகள் கைதட்டினார்கள். வருடக்கணக்காகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஐரோப்பாவைப் போல இங்கும் முடக்கத்தை எதிர்த்தார்களாம். 2020 ஆகஸ்டில் பெர்லினில் அப்படிக் கூடியது உண்மை. இங்கே கூடியவர்கள் கேட்டதோ, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாவை எரிக்காதே என்று. தோட்டங்களில் 2021 பெப்ரவரி 5ஆம் திகதி வேலையை நிறுத்தியவர்கள் கேட்டது ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம். ஊரடங்குக்குள்ளும் கொழுந்து பறிக்க அவர்களை மலைக்கு அனுப்பியபோது கிருமியின் நினைவு யாருக்கும் வரவில்லை.

கூட்டம் ஆபத்துதான், மறுக்கவில்லை. 2020 டிசம்பரில் கேகாலையில், கொரோனாவுக்கு மருந்தென்று கொடுத்த தம்மிக பாணிக்கு ஆயிரக்கணக்கில் முண்டியடித்தார்களே, அது என்ன, தியான வகுப்பா? அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி அந்தப் பாணியைக் குடித்தும் காட்டினார். அடுத்த மாதமே அவருக்குத் தொற்று. பாணி வரிசையில் நின்ற ஒருவரையும் பஸ்ஸில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோகவில்லை.

ஆசிரியர்களைக் கொண்டுபோனார்கள். 2021 ஜூலை 6ஆம் திகதி சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் கடிதம் ஆர்ப்பாட்டங்களைத் தடைசெய்கிறது. 8ஆம் திகதி, கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு அருகில் நின்றவர்கள் கைதாகிறார்கள். இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் அதில் ஒருவர். நீதவான் பிணை கொடுக்கிறார். வெளியே வந்தவர்களை, பெண்களையும் சேர்த்து, பொலிசார் இழுத்து பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். திறந்த வீதியில் இடைவெளி விட்டு நிற்பது தொற்றாம்; கட்டிப் புரண்டு ஒரே பஸ்ஸில் அடைத்து முல்லைத்தீவு வரை ஓட்டுவது சுகாதாரமாம்! கொண்டுபோய் விட்ட இடம் கேப்பாப்பிலவு விமானப்படை முகாம். 2017இல் எங்கள் காணியைத் திருப்பித் தா என்று சனங்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தது அந்த வாசலில்தான். நோயாளியைத் தனிமைப்படுத்துவார்கள் என்று அறிவோம். பிணை கிடைத்தவரைத் தனிமைப்படுத்தும் வைத்தியம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

டெல்டா திரிபு தலைதூக்கிய அதே ஆண்டு ஆகஸ்டில் தினசரி மரணம் நூறைத் தாண்டியது. நாட்டை மூடச் சொல்லிக் கேட்டவர்கள் மருத்துவ சங்கங்களும் மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்கர்களும். 20ஆம் திகதி வரை இழுத்தடித்தது அரசாங்கம். அந்தத் தாமதத்துக்கும் ஆர்ப்பாட்டக்காரர்தான் காரணம் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. மேடைகள் நிறைய இருக்கின்றன, சொல்வார்கள்.