சைனிக்புரியின் மரங்களும் மனோதத்துவமும்

சிகந்தராபாத்தின் வடகிழக்கில், முப்படைகளில் சேவை செய்து ஓய்வு பெற்றோருக்கென்று கூட்டுறவு முறையில் எழுந்த சைனிக்புரி, தோட்டம் சூழ்ந்த தனி வீடுகளுக்கும் நிழல் கவிந்த வீதிகளுக்கும் பேர்போன இடம். அவ்வீடுகளுள் பல இன்று காபிக் கடைகளாகவும் துணிக்கடைகளாகவும் அடுக்குமாடிகளாகவும் உருமாறி வருவது கண்டு அங்கலாய்ப்பவர்களைப் பழமை மோகம் பிடித்தவர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம்; ஆனால் அவர்களுடைய மனக்குறைக்கு மனோதத்துவ சாஸ்திரத்தில் திடமான ஆதாரம் உண்டு என்பது என் கட்சி.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து மருத்துவமனை ஒன்றில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோரின் குறிப்பேடுகளைப் புரட்டிய ரோஜர் உல்ரிச், வயது முதலிய அம்சங்களில் ஒத்த 23 ஜோடி நோயாளிகளைத் தேர்ந்து ஒப்பிட்டு, ஜன்னல் வழியே மரங்களைக் கண்டு படுத்திருந்தவர்கள் செங்கற்சுவரையே கண்டு படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்றும், கடுமையான வலி மருந்துகளைக் குறைவாகவே நாடினார்கள் என்றும் 1984-இல் வெளியிட்டார். 46 பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுதிவிட முடியாதுதான்; ஆயினும் சௌந்தரியம் என்பது வயிறு நிறைந்த பிறகு தேடும் ஆடம்பரம் என்று கருதும் நம் நகர நிர்வாகிகள் சற்று நின்று யோசிக்க இது போதும்.

சிநேகமும் இடத்தைப் பொறுத்ததே. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மணமான மாணவர்களின் குடியிருப்பை ஆராய்ந்த லியோன் ஃபெஸ்டிங்கரும் சகாக்களும், நட்பைப் பெரும்பாலும் நிர்ணயித்தது வாசலுக்கு வாசல் இருந்த தூரமும், மாடிப்படி யார் வீட்டருகே இறங்கிற்று என்பதுமே என்று 1950-இல் எழுதினார்கள். நாய்ச் சங்கிலியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, அடுத்த வீட்டுக் கேட்டின்மேல் கையை ஊன்றி, கறிவேப்பிலைக் கன்றுக்குப் புளித்த மோர் ஊற்றலாமா என்று தமிழ் மாமியிடம் விசாரிக்கும் ஓய்வுபெற்ற கர்னலுக்கு இந்தச் சித்தாந்தம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. லிஃப்டில் இறங்கி அடித்தளத்திலேயே காரேறிப் போகிறவருக்கோ அப்படி ஒருவர் எதிர்ப்படச் சந்தர்ப்பமே வாய்ப்பதில்லை.

காபிக் கடைகள்மேல் எனக்கு விரோதம் கிடையாது. 24 வகை ஜாம் வைத்த மேசையில் நின்றவர்களைவிட, 6 வகை வைத்த மேசையில் நின்றவர்களே மிகுதியாக வாங்கினார்கள் என்ற ஷீனா ஐயங்காரின் 2000-ஆம் ஆண்டுப் பரிசோதனையைக் காட்டி, கடைகள் பெருகுவதே தீங்கு என்று வாதிக்கவும் மாட்டேன். பின்வந்த பரிசோதனைகளில் அம்முடிவு எப்போதும் நிலைக்கவில்லை.

மரம் வெட்ட முன்அனுமதி வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டம் விதிக்கிறது. வெட்டியதற்கு ஈடாக எங்கோ ஒரு மூலையில் கன்று நட்டால் இந்த வீதிக்கு நிழல் வருமா? கட்டட வரைபடத்திலேயே, எந்த மரம் நிற்கும், வாசலில் இருவர் நின்று பேச எவ்வளவு இடம் விடப்படும் என்று குறித்துக் காட்டினாலன்றி அனுமதி இல்லை என்று மாநகராட்சி சொல்ல வேண்டும். கடைக்காரர்களும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள். சித்திரை வெயிலில் மேசை போட்டால் எவர் வந்து உட்காருவார்?