புல்மோட்டை மணலும் இலத்திரனும்

திருகோணமலை என்றதும் துறைமுகத்தின் ஆழத்தையும் கோணேசர் மலையின் மாண்பையும் பேசி மகிழ்வது நம் வழக்கம். வடக்கே மாவட்ட எல்லையருகிற் புல்மோட்டைக் கரையிலே கிடக்கும் கருமணலைப் பற்றிப் பேசுவார் சிலரே. அம்மணலிற் பெரும்பங்கு இல்மனைற்று. உடன் உரூற்றைலும் சேர்க்கோனும் உண்டு. 1957இல் அதற்கெனக் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பெற்றது. அன்றுதொட்டுப் பெரும்பாலும் நடந்துவருவது, மணலை வாரித் தரம்பிரித்துக் கப்பலேற்றுவதே.

இங்கேயே தைத்தேனிய வெள்ளை ஆக்கும் ஆலை வேண்டும் என்பர் பலர். ஆசை நியாயமானதே. ஆயின் இல்மனைற்றைக் கந்தக அமிலத்திற் கரைக்கும் முறையில் அமிலக் கழிவும் இரும்புச் சல்பேற்றும் பெருந்தொகையாய் எஞ்சும். கொக்கிளாய்க் களப்பையும் கரைவலையையும் நம்பி வாழ்வோர்க்கு யார் விடை கூறுவது? ஆலைக்கு முன்னர் அறிவு வரவேண்டும் என்பதே நம் கருத்து.

1972இல் யப்பானியரான புசிசிமாவும் ஒண்டாவும் வெளியிட்ட ஆய்வை நோக்குக. உரூற்றைற் பளிங்கை மின்வாயாக்கி நீரிலிட்டு ஒளி பாய்ச்சினர். அங்கே ஒட்சிசனும், கம்பியால் இணைத்த பிளாற்றினத்தில் ஐதரசனும் எழுந்தன. ஒளியின் சக்திச் சொட்டொன்று ஏறத்தாழ 3 இலத்திரன் உவோற்று உடையதாயின், பளிங்கிற் கட்டுண்ட இலத்திரன் விடுபட்டு ஓடும். அது விட்ட வெற்றிடம் நீரிலிருந்து வேறோர் இலத்திரனைப் பறிக்கும். ஞாயிற்றொளியில் அத்தகைய சொட்டுகள் சிறுபங்கே என்பதுதான் குறை.

மின்வாய்க்கும் கரைசலுக்கும் இடையில் இலத்திரன் தாவுவதைப் பழைய இயக்கவியலால் விளக்க இயலவில்லை. தடையை ஏறிக் கடவாது ஊடுருவியே அது செல்கின்றது என 1931இல் கேணி குவாண்டம் கொள்கை கொண்டு காட்டினார். சூழ்ந்த நீர் மூலக்கூறுகளின் அமைவும் தாவலின் வேகத்தை ஆள்கின்றது என 1956இல் மார்க்கசு கணித்தார். 1992இல் அவருக்கு நோபெற் பரிசு கிட்டியது. எவ்வூக்கி சிறந்தது, ஆலையில் எவ்வளவு மின்சக்தி வீணாகும் என்னும் வினாக்களெல்லாம் இத்தாவலிலேயே தொடங்குகின்றன. நம் மாணவரோ மின்வாய் அழுத்த அட்டவணையை மனனஞ் செய்து பரீட்சையோடு அமைந்துவிடுகின்றனர்.

யூபிலி நிதியில் தோரணவாயில் எழுப்பலாம் எனச் சிலர் கூறக் கேட்கின்றோம். வாயில் நம் கல்லூரிக்கு முன்னமே உண்டு! அதனினும் ஆய்வுகூடத்தில் ஒரு மின்னிரசாயன மேசை அமைத்தல் நன்று. மின் கடத்தும் கண்ணாடி, தைத்தேனிய ஈரொட்சைட்டுப் பொடி, செவ்வரத்தம்பூச் சாறு, அயடீன் கரைசல், ஒரு பல்மானி ஆகியன இருப்பின் மாணவர் தம் கையாலேயே ஒளிக்கலம் ஒன்று ஆக்கலாம். கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் பூச்சாயம் ஏற்று, இலத்திரனைப் பொடிக்கு அளிக்கும். சாயமூட்டிய கலத்தை 1991இற் சுவிற்சர்லாந்திலிருந்து கிறெற்செல் உலகறியச் செய்தார். நம் நாட்டிலும் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர் 1995இல் திரவத்துக்குப் பதிலாகச் செம்பு அயடைட்டைக் கொண்டு திண்மக் கலம் சமைத்தனர்.

கண்ணாடியும் பொடியும் கொழும்பிலும் இலண்டனிலும் வாழும் பழைய மாணவர் அனுப்பட்டும். புல்மோட்டையிற் பணிபுரிவோர் கருமணலில் ஒரு குப்பியும், பிரித்தெடுத்த உரூற்றைலில் ஒரு குப்பியும் தந்துதவட்டும். உயர்தர வகுப்பினர் அடுத்த தவணையிலேயே தொடங்கிவிடலாம்.