செத்தவருக்கு மரியாதையா, வட்டிக்காரருக்கு மகசூலா?

தாயில்பட்டிப் பக்கம் ஒரு சாவு விழுந்தால் முதல் ஆளாக வந்து நிற்பவர் யார்? சம்பந்தியா, பங்காளியா? இல்லை, வட்டிக்காரர்! மாலையோடு வருகிறார். மூத்த மகனைத் தனியே அழைத்து, "பெத்தவருக்கு ஒரு குறையும் வைக்காதப்பா, பணத்துக்கு நான் இருக்கேன்" என்று தோளைத் தட்டுகிறார். அந்தத் தோள் தட்டலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

எழவு வீட்டுச் செலவைப் பாருங்கள். பந்தல், மேளம், டிரம் செட், பூ ஜோடித்த தேர், தெருமுனையில் ஆளுயர ஃபிளெக்ஸ். கூட வரும் இளவட்டங்களுக்குச் சாராயம். பதினாறாம் நாள் கருமாதிக்கு ஆடும் பந்தியும். வெடிக்கோ கேட்கவே வேண்டாம். பட்டாசு ஆபீசில் சரம் பின்னிய கை, பின்னிய கூலியைக் கொடுத்து அதே சரத்தை வாங்கி, தகப்பன் பாடைக்கு முன்னால் கொளுத்துகிறது!

துக்கத்தைப் பழிக்க நான் வரவில்லை. நம் தோழர்களில் சிலர் எழவு வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து "எல்லாம் மூடப் பழக்கம்" என்று பிரசங்கம் செய்கிறார்கள். அது பகுத்தறிவு அல்ல, இங்கிதம் தெரியாமை. நீர்மாலை எடுத்துவரும் மகனும், மாரடித்து ஒப்பாரி வைக்கும் மகளும் யாரையும் சுரண்டவில்லை. ஒப்பாரிக்கு வட்டி கிடையாது. அழுகையோடு கடனை முடிச்சுப் போட்டது யார் என்பதே என் கேள்வி.

என் தகப்பனார் நெஞ்சுச் சளியில் ஆறு மாதம் கிடந்தார். மதுரைக்கு அழைத்துப் போக ஐந்நூறு ரூபாய் கேட்டு அலைந்தேன். ஒருவரும் தரவில்லை. அவர் கண் மூடிய மறுநாள் பன்னிரண்டாயிரம் வீடு தேடி வந்தது! ஐந்து வட்டி, நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். நானும் வாங்கினேன். ஊர் என்ன சொல்லும் என்ற பயம். கருமாதி அமர்க்களமாக நடந்தது. பிறகு என் தாயார் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கி, மாதம் 600 ரூபாய் வட்டி கட்டினார். மூன்று வருஷத்தில் வட்டி மட்டும் 21,600. முதல் அப்படியே நின்றது.

நோயாளிக்குக் கிடைக்காத கடன் பிணத்துக்குக் கிடைப்பானேன்? நோயாளி பிழைத்தால் கடன்காரன் தவணை கேட்பான், தகராறு செய்வான். பிணத்தின் பேரில் வாங்கிய கடனுக்கோ மகனுடைய மானம் ஜாமீன். "அப்பன் கருமாதிக் கடனைக் கட்டாதவன்" என்ற பேச்சுக்கு அஞ்சாதவர் எத்தனை பேர்? கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் வந்தது. ஆனால் மானத்தை அடகு வைத்தவன் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவதில்லை.

நாம் சுற்றும் பட்டாசு பிறந்த சீன தேசத்திலும் இதே கதைதான். அங்கே பெற்றோரைப் போற்றிய உத்தமர்கள் என்று இருபத்துநான்கு பேரைச் சொல்லுவார்கள். அவர்களில் ஒருவன் தோங் யொங். தகப்பனை அடக்கம் செய்யப் பணமில்லாமல் தன்னையே அடிமையாக விற்றான். வானுலகத்து நெசவுக்காரி ஒருத்தி இறங்கி வந்து, 300 பீஸ் பட்டு நெய்து கடனை அடைத்தாளாம். அடிமை முறியை உத்தம குணமாக்கிய சாமர்த்தியத்தைப் பாருங்கள்! தாயில்பட்டிக்குக் குழாய் உருட்ட வானத்திலிருந்து எந்தப் பெண்ணும் இறங்கி வரப்போவதில்லை. என் தாயார்தான் இருந்தார்.

பெற்றோருக்கு மூன்றாண்டு துக்கம் காக்கச் சொன்னவர் அந்நாட்டு அறிஞர் கன்பூசியஸ். பிள்ளை மூன்று வருஷம் பெற்றவர் கையில் வளர்கிறதே என்பது அவர் நியாயம். அவருடைய அருமைச் சீடன் யென் ஹுவெய் இறந்தபோது, வெளிப்பேழை செய்ய உங்கள் வண்டியை விற்றுத் தாருங்கள் என்று சீடனின் தகப்பன் கேட்டார். குரு மறுத்துவிட்டார். என் சொந்த மகனையே வெளிப்பேழை இல்லாமல்தான் புதைத்தேன் என்றார். (பெரிய உத்தியோகஸ்தர்களோடு போகிற நான் கால்நடையாக நடப்பதா என்றும் சேர்த்துச் சொன்னார். பிரபுத்தனம் லேசில் போகுமா!) ஆனால் அந்தச் சீடனுக்காக அவர் அழுத அழுகையைக் கண்டு மற்றவர்கள் திகைத்தார்கள். சடங்கு குறையில்லாமல் நடப்பதைவிட மனம் நோவதே மேல் என்று சொன்னவரும் அவர்தான். அவர் விதித்த மூன்றாண்டுத் துக்கத்தை என் தாயார் கட்டை அடுக்கியே காத்தார்.

இன்னொன்று. பட்டாசு ஆபீஸ் விபத்தில் இறந்தவரின் ஈமச் செலவுக்கும் குடும்பம் கடன் வாங்குகிறது. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படி அது முதலாளியின் பொறுப்பாக இருந்தது; நஷ்டஈட்டுக்கு மேல் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. 2009 திருத்தத்துக்குப் பின் அந்தச் சட்டத்தில் அது குறைந்தது 5,000 ரூபாயாக இருந்தது. தொகை சொற்பம்தான். அந்தச் சொற்பத்தைக்கூடக் கேட்டு வாங்காமல், முதலாளி போட்ட மாலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வட்டிக்காரர் வாசலுக்குப் போகிறோம்.

போன வருஷம் என் தாயாரும் போய்விட்டார். "எனக்கு வெடி வேண்டாம்டா" என்று முன்னமே சொல்லியிருந்தார். நீர்மாலை எடுத்தோம். தங்கச்சி ஒப்பாரி வைத்தாள். பதினாறாம் நாள் சோறும் சாம்பாரும். சித்தப்பா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பிறகு சாப்பிட்டார். மாலையோடு வந்தவருக்குக் காப்பி கொடுத்தோம். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் தனியாகப் பேச எழுந்து வராததால், துண்டை உதறிக்கொண்டு கிளம்பிப் போனார்.