சிசேரியன் பிரசவங்கள்: எல்லாம் தேவைதானா?

திருமுழுக்குக்குக் குழந்தையைத் தூக்கி வரும் இளம் தாயிடம், "சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" என்று பெரியவர்கள் கேட்பது வழக்கம். தமிழகத்தில் இன்று ஏறக்குறைய பாதித் தாய்மாரின் பதில் "ஆபரேஷன்" என்பதே. 2015-16-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் நம் மாநிலத்தின் சிசேரியன் பிரசவங்கள் 34.1 விழுக்காடு. 2019-21 ஆய்வில் 44.9 விழுக்காடு. இந்திய அளவில் அது 21.5 மட்டுமே.

இந்த அறுவைச் சிகிச்சையை நாம் பழிக்க வரவில்லை. கர்ப்பிணிகளின் பாதுகாவலரான புனித ரேமண்ட் நொன்னாத்துஸ், இறந்துபோன தாயின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டவர் என்பது மரபு. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்தாலோ, தொப்புள்கொடி முன்னே சரிந்தாலோ, அன்று தாயும் சேயும் பிழைப்பது அரிது. இன்று இருவரும் வீடு திரும்புகிறார்கள். பீகாரின் அரசு மருத்துவமனைகளில் இவ்வகைப் பிரசவம் 3.6 விழுக்காடுதான். அங்கே தேவைப்படும் ஏழைப் பெண்ணுக்கே அது எட்டவில்லை என்று அஞ்ச வேண்டியுள்ளது.

ஆனால் மிகுதியும் பாதுகாப்பாகிவிடாது. ஒரு நாட்டில் சிசேரியன் 10 விழுக்காட்டைத் தாண்டியபின் தாய்-சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது. பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே சிசேரியன் 38.9 விழுக்காடு, நம்மைவிடக் குறைவு. 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிரசவங்களுக்குத் தாய் இறப்பு அங்கே 19, இங்கே 54. மேலும், ஒருமுறை வயிற்றைத் திறந்தால் அடுத்த பேற்றில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டு பெரும் இரத்தப்போக்கு ஏற்படும் ஆபத்து கூடுகிறது.

தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு என்றதும் பணத்தாசை என்று சொல்லிவிடுகிறோம். அரசு மருத்துவமனைகளிலும் 36 விழுக்காடு உள்ளதே! முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்ததும் பெரும்பாலும் அதுவே. ஒரே மருத்துவர் நடத்தும் சிறு மருத்துவமனையில் இரவு முழுவதும் காத்திருக்க ஆள் இல்லை. ஏதேனும் நேர்ந்துவிட்டால் உறவினர்கள் சண்டைக்கு வருவார்களே என்ற அச்சமும் மருத்துவருக்கு உண்டு. வலி தாங்கமாட்டாள் என்று குடும்பத்தாரே வற்புறுத்துவதும் உண்டு. நாள், நட்சத்திரம் பார்க்கமாட்டோம் என்னும் நம்மவர்களிலும், மாதா பிறந்தநாளில் குழந்தை பிறக்கட்டும் என்று தேதி குறித்துக் கொடுப்போர் இருக்கிறார்கள். இதுவும் நாள் பார்ப்பதுதான்.

அவசர வேளையில் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. முன்கூட்டியே தேதி குறிக்கும்போது கேட்கலாம்: ஏன் வேண்டும்? சில நாள் காத்திருந்தால் என்ன ஆகும்? முதல் சிசேரியனுக்கான காரணம் இப்போதும் இருக்கிறதா? கணவரும் மாமியாரும் கூடவே இருந்து கேட்பது நல்லது.

கர்ப்பிணிகளைப் பத்துப் பிரிவுகளாக வகுத்து, எந்தப் பிரிவில் சிசேரியன் கூடுகிறது என்று கணக்கெடுக்கும் ராப்சன் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. திருச்சபை நடத்தும் மருத்துவமனைகள் முதலில் இதைச் செய்து, ஆண்டுதோறும் அந்தக் கணக்கை நுழைவாயில் பலகையில் எழுதி வைக்கலாமே.